மூன்றாம் நாள் வீக்கமும் மூளையின் காவல் கலங்களும்

“நேற்றுக் கதைச்சவர் டொக்டர், தேத்தண்ணியும் குடிச்சவர். இண்டைக்கு ஏன் கண் முழிக்கிறாரில்லை?”

தலைக்காயக்காரர் படுத்திருக்கும் எந்த விடுதியிலும் இரண்டாம் மூன்றாம் நாளில் இந்தக் கேள்வி எழும். படுத்திருப்பவர் பலாலி வீதியில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்தவராக இருக்கலாம். சீவலுக்கு ஏறிய பனையிலிருந்து தவறியவராக இருக்கலாம். அடியே படாமல், விடியப்புறம் ஒரு பக்கம் இழுத்துப் பாரிசவாதம் வந்த அம்மாவாகவும் இருக்கலாம். கேட்பவரின் குரலில் ஒரு சந்தேகமும் சேர்ந்தே வரும்: மருந்து மாறிப் போச்சோ, இரவு ஒருத்தரும் பார்க்கேல்லையோ?

புதிதாக இரத்தம் கட்டியிருந்தாலும் இப்படி ஆகும். அதனால்தான் வைத்தியர் முதல் வேலையாக இன்னொரு ஸ்கானுக்கு அனுப்புகிறார். அதில் புதுக் கசிவு ஒன்றும் இல்லையென்றால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “மூளை வீங்கியிருக்கு.” மூளை வீக்கம் அடிபட்ட கையோடு உச்சத்துக்குப் போய்விடுவதில்லை. இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் பொதுவாக அது கூடுகிறது. அந்த வீக்கத்துக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் உறவினர்களுக்கு விளக்குவதில்லை. விடுதியில் அதற்கு நேரமும் இல்லை. அங்கே பெரும்பகுதி வேலையைச் செய்பவை நரம்புக் கலங்கள் அல்ல. அவற்றைச் சூழ்ந்து நிற்கும் கிளியா கலங்கள்தான் மூளையைக் காப்பாற்றப் பார்க்கின்றன. சில வேளைகளில் கெடுப்பவையும் அவைதான். இந்த இரண்டும் ஒரே வேலையின் இரண்டு முகம் என்பது விளங்கினால், தலைக்காயத்துக்கு ஏன் இன்னும் ஒரு நல்ல மருந்து வரவில்லை என்பதும் விளங்கும்.

முதலாவது அடியும் இரண்டாவது அடியும்

தலை தார் வீதியில் மோதிய கணத்தில் நசிந்த கலங்கள் நசிந்தவைதான். அவற்றை எந்த வைத்தியராலும் மீட்க முடியாது. ஆனால் நசிந்த இடத்தைச் சுற்றி, சாகாமலும் சரியாக வாழாமலும் ஒரு வளையம் இருக்கிறது. அதற்கு என்ன நடக்கிறது என்பது அடுத்த மணித்தியாலங்களிலும் நாட்களிலும் தீர்மானமாகிறது. பாரிசவாதத்திலும் இதே கதைதான். ஒரு பெரிய குருதிக் குழாய் அடைபட்டு, வைத்தியம் இல்லாமலே கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் சராசரியாக 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்று 2006 இல் வெளிவந்த ஒரு கணக்கு சொல்கிறது.

அழிவது எப்படி? மூளை உடல் நிறையில் சுமார் 2 சதவீதம். ஆனால் உடல் எடுக்கும் ஒட்சிசனில் ஐந்திலொரு பங்கு அதற்கே போகிறது. அந்தச் சக்தியில் பெரும்பகுதி, சோடியத்தை வெளியே தள்ளிப் பொற்றாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பிகளை ஓட்டத்தான். குருதி நின்றால் பம்பிகள் நிற்கும். பொற்றாசியம் வெளியே வழியும், சோடியம் உள்ளே போகும், அதன் பின்னால் தண்ணீரும் போகும். நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் குளுட்டமேற் என்ற இரசாயனம் அளவுகணக்கின்றி வெளியே கொட்டும். சிறு அளவில் அது செய்தி. இந்த அளவில் அது நஞ்சு. பக்கத்துக் கலத்தை அது ஓயாமல் தூண்ட, அதற்குள் கல்சியம் நிரம்பி, அதன் நொதியங்களே அதை உள்ளிருந்து அரிக்கத் தொடங்கும். அந்தக் கலம் சாகும்போது தன்னிடமுள்ள குளுட்டமேற்றையும் வெளியே கொட்டும். ஒன்று செத்து அடுத்ததைக் கொல்லும் இந்தத் தொடரைத்தான் இரண்டாவது அடி என்கிறோம்.

இந்தத் தொடரை இடையில் நிறுத்தப் பார்ப்பவைதான் கிளியா கலங்கள்.

அவற்றை நெடுங்காலம் ஒருவரும் பெரிதாக எடுக்கவில்லை. 1850களில் ஜேர்மன் வைத்தியர் ருடோல்ஃப் விர்ஹோ அவற்றை நரம்புகளுக்கிடையில் கிடக்கும் ஒட்டுப்பொருளாகவே விவரித்தார். (அதே ஆண்டுகளில், 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தார். அவருடைய மாணவர்களுக்கும் மூளையென்றால் நரம்புதான். உலகத்தில் எல்லாருக்கும் அன்று அப்படித்தான்.) மைக்ரோகிளியா என்ற வகைக் கிளியாவைத் தனி இனமென்று ஸ்பானிய ஆய்வாளர் பியோ தெல் ரியோ ஓர்த்தேகா பிரித்துக் காட்டியது 1919 இல். கிளியா நரம்புக் கலங்களைவிடப் பத்து மடங்கு என்று பாடப்புத்தகங்கள் எழுதிக்கொண்டிருந்ததும் எண்ணிப் பார்த்து எழுதியதல்ல. 2009 இல் பிரேசில் ஆய்வாளர்கள் மனித மூளையில் எண்ணியபோது நரம்புக் கலங்கள் சுமார் 8,600 கோடி, மற்றக் கலங்களும் ஏறக்குறைய அதேயளவு என்று வந்தது. நம்மில் பலர் பள்ளியில் மனப்பாடம் செய்த பத்துக்கு ஒன்று இன்றைக்கும் வகுப்பறைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதல் அரை மணி நேரம்

மூன்று இனங்களை அறிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்குப் போதும். மைக்ரோகிளியா, மூளையின் சொந்த நிர்ப்பீடனக் கலம், அதாவது நோயை எதிர்க்கும் கலம். அஸ்ரோசைற், கைகள் பல திசையில் விரிந்த நட்சத்திர வடிவக் கலம். இனி நட்சத்திரக் கலம் என்றே சொல்கிறேன். ஒலிகோடென்ட்ரோசைற், நரம்பு இழைகளுக்கு மயலின் உறை சுற்றுவது. மூன்றாவது தான் காப்பதைவிடக் காக்கப்பட வேண்டியது: சக்தித் தட்டுப்பாடு வந்தால் முதலில் சாகும் கலங்களில் அதுவும் ஒன்று. ஆகவே முதல் இரண்டையும் பார்ப்போம்.

மைக்ரோகிளியா மூளையில் பிறந்தவை அல்ல. கரு உருவாகும் தொடக்க வாரங்களில் மஞ்சட்கருப் பையில் தோன்றி, மூளைக்குள் குடியேறி, அங்கேயே பெருகுகின்றன. சாதாரண நாட்களில் இவை சும்மா கிடக்கின்றன என்றுதான் நினைத்திருந்தார்கள். காரணம் எளிது: அதுவரை பார்த்ததெல்லாம் இறந்த, வெட்டிய, சாயமூட்டிய மூளை. 2005 இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக, உயிரோடிருக்கும் சுண்டெலியின் மண்டையோட்டை மெல்லியதாகச் சுரண்டி, அதனூடாக விசேட நுணுக்குக்காட்டியை வைத்து உள்ளே பார்த்தன. ஒளிரும்படி மாற்றப்பட்ட மைக்ரோகிளியாவின் உடல் இடத்தை விட்டு அசையவில்லை. ஆனால் அதன் மெல்லிய கைகள் ஒரு நிமிடமும் ஓயவில்லை. நீண்டும் சுருங்கியும் அக்கம்பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தன. அந்த வேகத்தைக் கணக்கிட்டால், சில மணித்தியாலங்களுக்கு ஒருமுறை மூளை இழையம் முழுவதும் அவற்றின் கை பட்டுவிடுகிறது.

அடுத்து, லேசர்க் கதிரால் ஒரு புள்ளியைச் சுட்டார்கள். நிமிடக் கணக்கில், சுற்றியிருந்த மைக்ரோகிளியா எல்லாம் மற்றத் திசைக் கைகளைச் சுருக்கி, அந்தப் புள்ளியை நோக்கிக் கைகளை நீட்டின. சுமார் அரை மணி நேரத்துக்குள் காயத்தைச் சுற்றி ஒரு மூடிய வளையம். உடல்கள் நின்ற இடத்திலேயே நின்றன. அவற்றை அழைத்தது எது என்று தேடியபோது கிடைத்தது ஏ.ரி.பி. கலங்கள் தங்கள் சக்தியைச் சேமித்து வைக்கும் அதே மூலக்கூறு. கலத்துக்குள் இருக்க வேண்டியது வெளியே கிடந்தால், எங்கோ ஒரு கலம் உடைந்திருக்கிறது என்று அர்த்தம். ஏ.ரி.பி.யை உடைக்கும் நொதியத்தைச் செலுத்தியதும் கைகள் நீள்வது நின்றது.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2014 இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் நடந்த ஆய்வு. அவர்கள் சுண்டெலியின் மெல்லியதாக்கப்பட்ட மண்டையோட்டை உடைக்காமல் மெதுவாக அமுக்கினார்கள். நம்மூரில் “சின்ன அடிதான்” என்று சொல்லி வீட்டுக்குக் கூட்டிப்போகும் வகைக் காயம். மூளைக்கு மேலே மென்சவ்வுகளும், அவற்றுக்குக் கீழே நட்சத்திரக் கலங்களின் கால்கள் பின்னிய ஓர் எல்லைப் படலமும் இருக்கின்றன. அடியில் அந்தப் படலம் கிழிந்து ஒழுகத் தொடங்கியது. உடனே மைக்ரோகிளியா இரண்டு வடிவம் எடுத்தன. சில, உயிரோடிருக்கும் நட்சத்திரக் கலங்களைச் சுற்றித் தங்கள் கைகளைப் பின்னித் தேன்கூட்டு வடிவில் நின்றன. நட்சத்திரக் கலம் செத்துவிட்ட இடங்களில் வேறு சில ஜெலிமீன் வடிவில் தட்டையாகி, ஓட்டையை அடைத்து, செத்ததை விழுங்கின. மருந்தால் இவற்றைத் தடுத்தபோது ஒழுக்கு கூடியது, சாவும் கூடியது.

இதே ஆய்வில் இன்னும் இரண்டு செய்தி. குளுட்டாதயோன் என்பது உடலே தயாரிக்கும் ஓர் ஒட்சியேற்ற எதிரி. அதை மண்டையோட்டின் மேல் நேரே வைத்தபோது எலும்பினூடாக உள்ளே இறங்கி, கலங்களின் சாவை 67 சதவீதம் குறைத்தது. அடிபட்டு 3 மணித்தியாலம் கழித்து வைத்தபோதும் 51 சதவீதம் குறைந்தது. (தோலை வெள்ளையாக்கும் என்று ஊசியாகவும் குளிசையாகவும் விற்கப்படுவதும் இதே குளுட்டாதயோன்தான். தலையில் அடிபட்டவருக்கு அதை வாங்கிக் கொடுக்க யாரும் ஓடவேண்டாம். சுண்டெலியின் மண்டையோடு வேறு, நம்முடையது வேறு. விழுங்கிய குளிசை மூளைக்குப் போய்ச் சேரும் என்பதற்கும் ஆதாரமில்லை.)

மற்றது மனிதரைப் பற்றியது. தலையில் சிறு அடிபட்டு, மூளை இழையத்தில் சேதம் ஒன்றும் ஸ்கானில் தெரியாத 142 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களை, குருதிக் குழாய்க்குள் சாயம் செலுத்தி எடுத்துப் பார்த்தார்கள். 49 சதவீதமானவர்களில் மென்சவ்வுகளில் சாயம் கசிந்திருந்தது. “ஸ்கான் கிளியர் எண்டு சொல்லிப்போட்டினம், பிறகென்ன தலையிடி தலையிடி எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறாய்” என்று வீட்டில் ஏச்சு வாங்குகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அவசரத்தில் எடுக்கும் சீ.ரி. ஸ்கான், உடனே சத்திரசிகிச்சை தேவைப்படும் கசிவு இருக்கிறதா என்று பார்க்கத்தான். அது தெளிவாக இருப்பது நல்ல செய்தி. அதற்காக உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை என்றாகாது.

தண்ணீர் போகும் கதவு

நட்சத்திரக் கலத்தின் வேலை மைக்ரோகிளியாவுடையதைப் போல் கண்ணுக்குத் தெரிவதல்ல. அது பெரும்பாலும் துப்புரவும் கணக்கும். மனித மூளையில் ஒரே ஒரு நட்சத்திரக் கலம் 20 இலட்சம் வரையான நரம்பு இணைப்புகளைத் தொட்டு நிற்கக்கூடும் என்பது மதிப்பீடு. ஒவ்வொரு இணைப்பிலும் வெளியாகும் குளுட்டமேற்றை உறிஞ்சி, குளுட்டமின் என்ற தீங்கற்ற பொருளாக மாற்றி, நரம்புக் கலத்திடமே திருப்பிக் கொடுப்பது அதன் நாளாந்த வேலை. வெளியே வழியும் பொற்றாசியத்தையும் அதுவே எடுத்துக்கொள்கிறது. அதன் கால்கள் மயிர்க்குழாய்களைச் சுற்றிப் பற்றியிருப்பதால், குருதியிலிருந்து எது உள்ளே வரலாம் என்பதிலும் அதற்குப் பங்குண்டு. கிளைக்கோசன் என்ற சீனிச் சேமிப்பையும் கொஞ்சம் கையிருப்பில் வைத்திருக்கிறது. நரம்புக் கலத்திடம் அது அநேகமாக இல்லை. ஒட்சிசன் நின்றால் நரம்புக் கலம் நிமிடங்களில் விழும்போது நட்சத்திரக் கலம் இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிப்பது இதனாலும்தான்.

அடிபட்ட மூளையில் இந்தத் துப்புரவு வேலைக்கு ஒரு விலை உண்டு. குளுட்டமேற்றையும் பொற்றாசியத்தையும் அள்ளி உள்ளே போட்டால், கூடவே தண்ணீரும் வரும். நட்சத்திரக் கலங்களின் கால்களில் அக்குவாபொரின்-4 என்ற புரதக் கதவுகள் நெருக்கமாக இருக்கின்றன. தண்ணீர் அவற்றினூடாகத்தான் வேகமாக நுழைகிறது. ஆக முதல் மணித்தியாலங்களில் ஊதுவது நரம்புக் கலத்தைவிட முன்னே நட்சத்திரக் கலம். மண்டையோடு விரியாது. உள்ளே ஊதினால் அமுக்கம் ஏறும், அமுக்கம் ஏறினால் குருதி வருவது குறையும், அது மறுபடி வீக்கத்தைக் கூட்டும்.

அப்படியானால் கதவை மூடிவிட்டால் என்ன? 2000 இல் அக்குவாபொரின்-4 இல்லாமல் பிறந்த சுண்டெலிகளில் பாரிசவாதத்தை உண்டாக்கிப் பார்த்தார்கள். வீக்கம் குறைவு, நரம்புப் பாதிப்பும் குறைவு. நல்ல மருந்துக்கு வழி கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றியது. நாலு வருடம் கழித்து இன்னொரு வகை வீக்கத்தில் பார்த்தார்கள்: குருதிக் குழாய் ஒழுகி, கலங்களுக்கு வெளியே தண்ணீர் தேங்கும் வகை. அதே கதவில்லாத சுண்டெலிகளுக்கு இப்போது வீக்கம் கூடியது. தேங்கிய தண்ணீர் வெளியே போகவும் அதே கதவுதான் வழி. தலைக்காயத்தில் முதலில் ஒரு வகை, பிறகு மற்ற வகை, பெரும்பாலும் இரண்டும் கலந்து வருகின்றன. எந்த மணித்தியாலத்தில் மூடுவது, எதில் திறப்பது?

2016 இல் வந்த இன்னொரு முடிவையும் சொல்லத்தான் வேண்டும். பொஸ்டன் நகர ஆய்வாளர்கள், சுண்டெலியில் பாரிசவாதத்துக்குப் பிறகு நட்சத்திரக் கலங்கள் தங்கள் இழைமணிகளை வெளியே விடுவதையும், அவை பக்கத்து நரம்புக் கலங்களுக்குள் நுழைவதையும் கண்டார்கள். சக்தி தயாரிக்கும் உறுப்பையே கழற்றிக் கொடுப்பது. அந்த வழியைத் தடுத்தபோது சுண்டெலிகளின் நிலை மோசமானது. மனித மூளையில் இது எவ்வளவு நடக்கிறது என்பதை இனித்தான் அளக்கவேண்டும்.

தழும்பு என்ற வேலி

நாட்கள் போக, காயத்தைச் சுற்றியுள்ள நட்சத்திரக் கலங்கள் பருத்து, பெருகி, கைகளைக் கோர்த்து அடர்த்தியான தழும்பாகின்றன. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டாக இந்தத் தழும்புக்குக் கெட்ட பெயர். அதற்குக் காரணமும் இருந்தது.

போரில் கையில் நரம்பு அறுந்து, சத்திரசிகிச்சையில் பொருத்தப்பட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து விரல் உணர்வைத் திரும்பப் பெற்றவர்கள் வடக்கில் இருக்கிறார்கள். அதே போரில் முள்ளந்தண்டில் சன்னமோ குண்டுத் துண்டோ பட்டு, இன்றுவரை சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். கை நரம்பு ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீற்றர் வளரும். முழங்கையில் அறுந்தால் விரல் நுனி வரை போக ஒரு வருடத்துக்கு மேலாகும், ஆனால் வளரும். அங்கே வழிகாட்டுவது சுவான் கலம் என்ற இன்னொரு வகைக் கிளியா. அது செத்த துண்டுகளைத் துப்புரவாக்கி, புதிய இழை வளரக் குழாய் வடிவில் பாதை போட்டுக் கொடுக்கிறது. முண்ணாணிலும் மூளையிலும் அந்தக் கலம் இல்லை. அங்கே அறுந்த இழை தழும்பு வரை வந்து நின்றுவிடுகிறது. தழும்பில் இழை வளர்ச்சியைத் தடுக்கும் பொருட்கள் இருப்பதும் உண்மை. ஆகவே தழும்பை அகற்றினால் நரம்பு வளருமே என்று எல்லாரும் நினைத்தார்கள்.

1999 இல் மைக்கேல் சொஃப்ரோனியூ என்ற ஆய்வாளரின் குழு அதைச் செய்து பார்த்தது. பெருகும் நட்சத்திரக் கலங்கள் மட்டும் சாகும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளின் மூளையில் சிறு காயம் ஏற்படுத்தினார்கள். தழும்பு வரவில்லை. அதற்குப் பதிலாக, குருதியிலிருந்து வெண்குருதிக் கலங்கள் கூட்டமாக உள்ளே பரவின, குருதிக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடை மூடாமல் திறந்தே கிடந்தது, காயத்துக்கு வெளியே நன்றாக இருந்த நரம்புக் கலங்களும் சேர்ந்து செத்தன. முண்ணாணில் செய்தபோதும் அதே விளைவு. 2016 இல் அதே ஆய்வாளரின் குழு இன்னும் ஒரு படி போனது: தழும்பைத் தடுத்தாலும் அகற்றினாலும் அறுந்த இழைகள் வளரவில்லை. மாறாக, வளர்ச்சிக்குத் தேவையான ஊக்கிகளைக் கொடுத்தபோது இழைகள் தழும்பினூடாகவே வளர்ந்தன.

யாழ்ப்பாணத்துக் காணியில் வேலியைக் காரணமில்லாமல் பிடுங்கினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. வேலி பக்கத்து வீட்டாரின் நடமாட்டத்தைத் தடுக்கிறது என்பது சரி; மாடு ஆடு உள்ளே வந்து மேயாமல் இருப்பதும் அதனால்தான். வேலியைப் பிடுங்கியதால் பாதை திறந்துவிடவில்லை. தோட்டம்தான் போயிற்று.

கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், தழும்பைப் பழித்த காலத்தில் நாங்கள் கேட்ட கேள்வியே குறுகலானது என்று எனக்குப் படுகிறது. அறுந்த இழை ஏன் வளரவில்லை என்று மட்டுமே கேட்டோம். அறாத இழைகள் எப்படித் தப்பின என்று கேட்கவில்லை.

அதே கலம் கெடுக்கும்போது

இவ்வளவும் சொன்ன பிறகு கிளியாவைத் தெய்வமாக்கிவிடக்கூடாது. 2017 இல் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பென் பாறெஸின் ஆய்வுகூடத்திலிருந்து வந்த முடிவு இந்தப் பக்கத்தைக் காட்டியது. உசுப்பப்பட்ட மைக்ரோகிளியா மூன்று வகைச் செய்திப் புரதங்களைச் சுரக்கின்றன. அவை மூன்றும் சேர்ந்து பட்ட நட்சத்திரக் கலம், காக்கும் வேலையை விட்டுவிட்டு, நரம்புக் கலங்களையும் ஒலிகோடென்ட்ரோசைற்றுகளையும் கொல்லும் ஒரு பொருளை வெளிவிடுகிறது. நல்ல நட்சத்திரக் கலம், கெட்ட நட்சத்திரக் கலம் என்று இரண்டு பெட்டியாகப் பிரிக்கும் பழக்கம் இதற்குப் பிறகு வேகமாகப் பரவியது. அது வசதியான பிரிவு. ஆனால் உண்மை அவ்வளவு துப்புரவாக இல்லை. 2021 இல் இத்துறை ஆய்வாளர்கள் பலர் கூட்டாக எழுதி, இந்த இரட்டைப் பிரிவைக் கைவிடும்படி கேட்டுக்கொண்டார்கள். ஒரே மூளையில், ஒரே நாளில், காயத்தின் ஓரத்தில் நிற்கும் கலம் ஒன்றைச் செய்யும், சற்றுத் தள்ளி நிற்பது வேறொன்றைச் செய்யும்.

மருந்துகள் தோற்றதன் பின்னணி இங்கேதான் இருக்கிறது. வீக்கம் கெட்டது, அழற்சி கெட்டது, ஆகவே அடக்கு என்ற எளிய கணக்கில் தலைக்காயத்துக்கு ஸ்டீரொயிட் கொடுக்கும் வழக்கம் பல நாடுகளில் பல ஆண்டுகள் இருந்தது. 2004 இல் வெளிவந்த கிராஷ் என்ற பெரும் பரிசோதனை 49 நாடுகளில் 10,008 பேரைச் சேர்த்து அதைச் சோதித்தது. இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீரொயிட் கொடுக்கப்பட்டவர்களில் 21 சதவீதம், கொடுக்கப்படாதவர்களில் 18 சதவீதம். மருந்து காப்பாற்றவில்லை, கொன்றது. அந்தக் கொல்லலுக்குக் கிளியாவை அடக்கியதுதான் காரணமென்று அந்தப் பரிசோதனை காட்டவில்லை. ஸ்டீரொயிட் உடலில் வேறு பலவற்றையும் குழப்பும். ஆனால் “அழற்சியை அடக்கினால் நல்லது” என்ற நம்பிக்கை அன்றோடு ஆட்டம் கண்டது. பாரிசவாதத்திலும் நிலைமை பெரிதாக வேறில்லை. 2006 இல் ஒருவர் கணக்கெடுத்தபோது ஆய்வுகூடத்தில் சோதிக்கப்பட்ட சிகிச்சைகள் 1,026. மனிதரிடம் வந்தவை 114. நரம்புக் கலங்களைக் காக்கும் மருந்தாக விடுதிக்கு வந்து உலகெங்கும் நிலைத்தது ஒன்றும் இல்லை. இன்றைக்கும் பாரிசவாதத்தில் வேலை செய்வது அடைப்பைக் கரைக்கும் அல்லது எடுக்கும் சிகிச்சைதான்; கரைக்கும் ஊசிக்கு வழமையான எல்லை நாலரை மணித்தியாலம்.

இப்போதைக்கு இங்கே செய்யக்கூடியது

கிளியாவுக்கென்று மருந்து இல்லாவிட்டாலும், விடுதியில் தாதியர் செய்யும் பல சிறு வேலைகள் அவற்றின் சுமையைக் குறைப்பவைதான். கட்டிலின் தலைப்பக்கம் 30 பாகை உயர்த்தியிருப்பது மூளையிலிருந்து குருதி இலகுவாக வடிய. “கழுத்து நோகும்” என்று பார்க்க வந்த உறவினர் இறக்கிவிடுவது உபகாரம் ஆகாது. காய்ச்சல் ஏறினால் ஒவ்வொரு கலத்தின் சக்திச் செலவும் ஏறும்; ஏற்கெனவே தட்டுப்பாட்டில் இருக்கும் வளையத்துக்கு அது தாங்காது. குருதிச் சீனியைக் கூடவும் விடாமல் குறையவும் விடாமல் அடிக்கடி விரலில் குத்திப் பார்ப்பதும் அதற்கே.

அதற்கும் முன்னால் இருப்பது நேரம். சுவசெரிய 1990 இலவச அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு வந்தது 2018 இல். அதற்கு அழைக்காமல் முச்சக்கர வண்டியில் தலையைத் தொங்கவிட்டுக் கூட்டிப்போவதை இன்னும் காண்கிறோம். மயக்கத்தில் இருப்பவரின் வாயில் தண்ணியோ கோப்பியோ ஊற்றுவதும் நடக்கிறது. அது சுவாசப்பைக்குள் போனால் ஒட்சிசன் குறையும், மேலே சொன்ன தொடர் முழுவதும் வேகமெடுக்கும். பாரிசவாதத்துக்கு எண்ணெய் பூசி ஒரு பகல் பார்ப்போம் என்று இருப்பவர்களுக்கு அந்த 19 இலட்சம் கணக்கை யாராவது ஒருமுறை சொன்னால் நல்லது.

நட்சத்திரக் கலம் இன்னொரு வழியிலும் உதவத் தொடங்கியிருக்கிறது. அதன் உட்சட்டகத்தில் ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதம் நிறைய இருக்கிறது. கலம் சேதமானால் அது குருதிக்குள் கசிகிறது. 2018 இல் அமெரிக்க அரசு, இதையும் நரம்புக் கலத்திலிருந்து வரும் இன்னொரு புரதத்தையும் அளக்கும் குருதிச் சோதனையை அனுமதித்தது. அடிபட்டு 12 மணித்தியாலத்துக்குள் எடுக்கவேண்டும். இரண்டும் குறைவாக இருந்தால் ஸ்கானில் கசிவு தெரிய வாய்ப்பு மிகக் குறைவு, ஆகவே ஸ்கான் எடுக்காமல் விடலாம். கூடுதலாக இருந்தால் ஸ்கான் எடுத்தே ஆகவேண்டும்; சோதனை மட்டும் எதையும் முடிவாகச் சொல்லாது. ஸ்கான் இயந்திரம் தூரத்தில் இருக்கும் தீவுப்பகுதி வைத்தியசாலைகளுக்கு இப்படியொன்று வந்தால் எவ்வளவு பயன் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. நெடுந்தீவில் அடிபட்ட ஒருவரை இரவில் கடல் கடத்தி அனுப்புவதா, விடியும் வரை வைத்துப் பார்ப்பதா என்பது அங்கேயுள்ள வைத்தியருக்குச் சிறிய முடிவல்ல.

கடைசியாக ஒன்று, பாடசாலை விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர்களுக்கு. மாசி பங்குனியில் பெரிய துடுப்பாட்டப் போட்டிகள், மற்ற மாதங்களில் உதைபந்தாட்டம் என்று மைதானங்கள் ஓய்வதில்லை. தலையோடு தலை மோதிய பிள்ளை எழும்பி நின்று “ஒண்டுமில்லை சேர், விளையாடுறன்” என்றுதான் சொல்லும். மேலே விவரித்த ஒட்டுவேலை அந்த நேரத்தில்தான் உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. முதல் அடியின் சேதம் ஆறும் முன் இன்னொரு அடி பட்டால், சாதாரணமாகத் தாங்கக்கூடிய அளவு அடிக்கே மூளை மோசமாக வீங்கியதுண்டு. இளம் விளையாட்டு வீரர்கள் அப்படி இறந்ததும் பதிவில் இருக்கிறது. அன்றைக்கு மைதானத்தில் திரும்ப இறக்கக்கூடாது. தலையிடி, ஓங்காளம், வெளிச்சம் கூசுவது, பாடத்தில் கவனம் நிற்காதது எல்லாம் போய், வைத்தியர் பார்த்த பிறகுதான் படிப்படியாக விடவேண்டும். இரவில் வாந்தி, கூடிக்கொண்டு போகும் தலையிடி, எழுப்பினால் எழும்பாத தூக்கம், வலிப்பு, கதை குழறுவது, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் விடியும் வரை பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதைப் பிள்ளையிடம் சொன்னால் போதாது, பெற்றாருக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும்.